திரை கெட்டதா, டிரைவர் கெட்டதா? பழைய லேப்டாப்பின் டிஸ்ப்ளே சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அதே 10-ஐ வைத்து ஓட்டலாம், தடைகளைச் சுற்றிக்கொண்டு 11-ஐ ஏற்றலாம், இல்லையென்றால் இலவச இயங்குதளமான லினக்ஸுக்குப் போகலாம். எந்த வழியில் போனாலும் முதலில் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் திரைதான். எழுத்துகள் பெரிதாக, மங்கலாகத் தெரியும். பிரைட்னஸைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. புரொஜெக்டரை மாட்டினால் ஒன்றும் வராது. வீடியோ திக்கித் திக்கி ஓடும். நடுவில் திரை ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்ப வரும்.

கடைக்குக் கொண்டுபோனால் ஒருவர் "டிஸ்ப்ளே போயிடுச்சு, மாத்தணும்" என்பார். இன்னொருவர் "டிரைவர் ப்ராப்ளம், ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்பார். எது சரி என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அதற்கு டிரைவர் என்பது என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

டிரைவர் செய்யும் வேலை

சாதாரண லேப்டாப் திரையில் அகலவாக்கில் 1366, உயரவாக்கில் 768 புள்ளிகள் இருக்கும். மொத்தம் சுமார் பத்தரை லட்சம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறித்துவைக்க 4 பைட் என்றால், ஒரு முழுப் படத்துக்கு 42 லட்சம் பைட் ஆகிறது. விநாடிக்கு 60 முறை அதைத் திரைக்கு அனுப்ப வேண்டும். அதாவது விநாடிக்கு 25 கோடி பைட். நீங்கள் ஒன்றும் செய்யாமல் டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இந்தப் படத்தை வரைந்து திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் சிப். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் சிப்பும் தனித்தனி பாஷை பேசும்; ஒரே நிறுவனத்தின் 2009-ஆம் வருடச் சிப்பும் 2012-ஆம் வருடச் சிப்புமே வேறு வேறு பாஷைதான். விண்டோஸுக்கு அவை எதுவும் தெரியாது. "இந்த ஜன்னலை இங்கே வரை, இந்த வீடியோவைப் பிரித்துக் காட்டு" என்று விண்டோஸ் பொதுவாகச் சொல்வதைக் குறிப்பிட்ட சிப்புக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிற மென்பொருள்தான் டிஸ்ப்ளே டிரைவர்.

டிரைவர் இல்லாதபோது ஓடும் ஸ்டெப்னி

டிரைவரே இல்லை என்றாலும் திரை முழுக்கக் கறுத்துப் போவதில்லை. விண்டோஸ் கையில் ஒரு ஸ்டெப்னி இருக்கிறது. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்தால், இன்டெல் என்றோ என்விடியா என்றோ இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேஸிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கும். விண்டோஸ் 7-ல் இதன் பெயர் 'ஸ்டாண்டர்ட் விஜிஏ'.

லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் தொடக்க மென்பொருள்) என்ன அளவில் திரையை எழுப்பிக் கொடுத்ததோ, அந்த அளவிலேயே இது ஓட்டும். 1366-க்கு 768 திரையில் 1024-க்கு 768 படம் வந்தால் அகலவாக்கில் இழுபடும். வட்டம் கோழிமுட்டை போலத் தெரியும். பிரைட்னஸ் பொத்தான் வேலை செய்யாது. வெளித் திரை வராது. வரைகிற வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுவதால் மின்விசிறி இரைந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் பார்த்து "லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஸ்டெப்னியில் ஓடுகிற வண்டி வேகம் போகவில்லை என்று என்ஜினைக் குறை சொல்கிற மாதிரிதான் இது.

முதலில் வன்பொருளா என்று பாருங்கள்

டிரைவரில் கை வைப்பதற்கு முன் இந்த ஐந்து சோதனைகளையும் செய்துவிடுங்கள். காசு செலவில்லை, எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் ஆகும்.

1. பயாஸ் திரைக்குள் போய் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். அங்கே விண்டோஸ் கிடையாது, அதன் டிரைவரும் கிடையாது. கோடுகளோ நடுக்கமோ அங்கேயும் தெரிந்தால் கோளாறு வன்பொருளில்தான். ஃபார்மட் அடிப்பது வீண்.

2. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு குறிப்பிட்ட சாய்வில் மட்டும் படம் நடுங்கினாலோ நிறம் மாறினாலோ, கீல் வழியாகப் போகும் கேபிள் தேய்ந்திருக்கிறது. பல வருடம் திறந்து மூடிய லேப்டாப்பில் இது சகஜம். திரையையே மாற்றுவதைவிடக் கேபிள் மலிவு.

3. கோடு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைச் செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது கணினியின் நினைவகத்தில் இருக்கும் படம். கேபிளையோ திரையையோ அது தொட்டதே இல்லை. போனிலும் அதே கோடு தெரிந்தால் படம் வரையப்படும்போதே கெட்டிருக்கிறது, அதாவது டிரைவர் அல்லது சிப். போனில் படம் சுத்தமாக இருந்தால் கேபிள், திரைப் பக்கம் போய்ப் பாருங்கள்.

4. திரை முழுக்கக் கறுப்பு என்றால் இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக டெஸ்க்டாப் தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்கு மட்டும் எரியவில்லை. ஆனால் பிரைட்னஸ் பூஜ்யத்துக்குப் போய்விட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸில் வெளிச்சமாக இருந்து விண்டோஸுக்குள் வந்ததும் இருண்டால் அது டிரைவர் சமாசாரம்.

5. திரை துடிக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் துடித்தால் டிரைவர் காரணமாக இருக்கலாம். அது மட்டும் அசையாமல் நின்றால், ஏதோ ஒரு செயலி (ஆப்) ஒத்துவரவில்லை. மைக்ரோசாஃப்டே சொல்லும் சோதனை இது.

இவற்றில் மூன்றாவது சோதனையை ஏனோ யாரும் செய்வதில்லை. திரையை மாற்றிக் காசு கொடுத்துவிட்டு, புதுத் திரையிலும் அதே கோட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பழைய சிப்புக்குப் புது டிரைவர் ஏன் வருவதில்லை

சரி, கோளாறு டிரைவரில்தான் என்று தெரிந்துவிட்டது. "லேட்டஸ்ட் டிரைவரைப் போட்டால் போச்சு" என்றுதான் முதலில் தோன்றும். பழைய லேப்டாப்பில் சறுக்கும் இடமே அதுதான்.

விண்டோஸுக்கும் கிராபிக்ஸ் டிரைவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் உண்டு. அதன் பெயர் டபிள்யூடிடிஎம். விஸ்டாவோடு 1.0 வந்தது, விண்டோஸ் 7-ல் 1.1, 8-ல் 1.2, 8.1-ல் 1.3, விண்டோஸ் 10-ல் 2.0. புது விண்டோஸ் ஓரளவுக்குப் பழைய ஒப்பந்தத்தையும் பொறுத்துக்கொள்ளும். எல்லையற்ற பொறுமை கிடையாது: எக்ஸ்பி காலத்து டிரைவர்களை விண்டோஸ் 8 அடியோடு கைவிட்டது. 11-க்கான அதிகாரபூர்வத் தேவைப் பட்டியலில் டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவரும், டைரக்ட்எக்ஸ் 12 என்ற கிராபிக்ஸ் கட்டளைத் தொகுப்பு தெரிந்த சிப்பும் இருக்கின்றன.

ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் டிரைவரைத் திருத்தி எழுத வேண்டியது சிப் தயாரித்த நிறுவனம். விற்று முடித்த சிப்புக்கு எத்தனை வருடம் எழுதிக்கொண்டிருப்பார்கள்? ஏஎம்டி தன் ரேடியான் எச்டி 5000, 6000 வரிசைகளை 2015 கடைசியில் பழையவை பட்டியலுக்குத் தள்ளியது. என்விடியா தன் ஃபெர்மி தலைமுறைச் சிப்புகளுக்கு 2018-ல் நிறுத்தியது. லேப்டாப்புகளில் இருந்த கெப்ளர் தலைமுறைச் சிப்புகளுக்கு 2019-ல். இன்டெல்லின் 2011-ஆம் வருட எச்டி கிராபிக்ஸ் 3000-க்கு விண்டோஸ் 8 காலத்தோடு கதை முடிந்தது. ஆகவே பழைய லேப்டாப்புக்குத் தேட வேண்டியது புதிய டிரைவரை இல்லை. அந்தச் சிப்புக்கென்று கடைசியாக வந்த டிரைவரை.

உங்கள் சிப் எது: இரண்டு எண்கள்

லேப்டாப் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரை வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனால் ஒரு நீளமான வரி வரும். அதில் இரண்டு துண்டுகள் மட்டும் நமக்குப் போதும்: தயாரிப்பாளர் எண் (VEN), சாதன எண் (DEV).

தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். 1978-ல் வந்த தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே நிறுவனம் தனக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டது. 1002 என்றால் ஏஎம்டி. 10டிஇ (10DE) என்றால் என்விடியா. அடுத்தது சாதன எண். இன்டெல்லில் 0116 வந்தால் லேப்டாப்புக்கான எச்டி 3000. 0166 வந்தால் அதற்கு அடுத்த தலைமுறையின் எச்டி 4000. ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் இரண்டுக்கும் டிரைவர் வேறு. 4000-க்கு விண்டோஸ் 10-ல் அதிகாரபூர்வ டிரைவர் உண்டு; 3000-க்கு இன்டெல் அப்படி ஒன்று தரவே இல்லை. டிரைவர் ஏறாமல் ஸ்டெப்னியில் ஓடிக்கொண்டிருந்தாலும் இந்த எண்கள் சரியாகவே தெரியும், ஏனென்றால் சிப் தானே சொல்லும் அடையாளம் அது.

ஒரு பெட்டியை எடுத்துப் பார்ப்போம்: எச்டி 3000, விண்டோஸ் 10

2011, 2012-ல் வாங்கிய ஏராளமான லேப்டாப்புகளில் இருப்பது இந்தச் சிப்தான். இதற்குக் கடைசியாகக் கிடைக்கும் டிரைவரின் எண் 9.17.10.4459, 2016-ஆம் வருடத் தேதி போட்டிருக்கும். விண்டோஸ் அப்டேட் வழியாகவே இது 10-க்கும் வந்து சேரும்.

இந்த எண்ணே ஒரு ஜாதகம். முதலில் நிற்கும் 9, விண்டோஸ் 8 காலத்து ஒப்பந்தத்தைக் குறிக்கிறது. 8 என்றிருந்தால் விண்டோஸ் 7. 10 என்றிருந்தால் 8.1, 20-ம் அதற்கு மேலும் விண்டோஸ் 10-ம் பிறகு வந்தவையும். முதல் எண் 10 என்பதைப் பார்த்து விண்டோஸ் 10-க்கானது என்று இறக்குபவர்கள் உண்டு, குழப்பமான ஏற்பாடுதான். என்விடியாவில் கடைசி ஐந்து இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: 23.21.13.9135 என்று டிவைஸ் மேனேஜர் காட்டினால் அது 391.35 டிரைவர், ஃபெர்மிக்கு வந்த கடைசி வரிசை.

இனி ஏற்றும் முறை.

1. முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுங்கள், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று போடுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிடுங்கள். பழைய டிரைவரை நீக்கிய மறு நிமிடமே விண்டோஸ் அப்டேட் தன் கைவசம் உள்ள ஒன்றை நுழைத்துவிடும்; பாதிப் பேருக்கு "என்ன செய்தாலும் அதே டிரைவர் திரும்பி வருகிறது" என்ற புலம்பல் இதனால்தான்.

2. டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது, டிரைவர் மென்பொருளையும் சேர்த்து நீக்கு என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அது இல்லாமல் நீக்கினால் பழையது வட்டிலேயே கிடக்கும். அப்படியும் சுத்தமாகவில்லை என்றால் சேஃப் மோடில் போய் டிடியூ என்ற இலவசக் கருவியால் துடைக்கலாம். இது கடைசி ஆயுதம். எடுத்த எடுப்பில் வேண்டாம்.

3. டிரைவரை முதலில் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பிரைட்னஸ் சாவி, மூடியை மூடினால் தூங்குவது போன்ற அந்த மாடலுக்கே உரிய ஒழுங்குகள் அதில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் சிப் நிறுவனத்தின் தளம். இந்த இரண்டு தவிர மூன்றாவது இடம் வேண்டாம்.

4. இன்ஸ்டாலர் சில சமயம் "இந்தக் கணினிக்குச் சரிபார்க்கப்பட்ட டிரைவர் இது கிடையாது, தயாரிப்பாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கையை விரிக்கும். அப்போது ஜிப் (zip) வடிவில் சுருக்கிய கோப்பை இறக்கிப் பிரித்து, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக், ஹேவ் டிஸ்க் என்று வரிசையாகப் போய், உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் (.inf) கோப்பைக் காட்டுங்கள். இன்ஸ்டாலர் போடும் தடை இந்த வழியில் கிடையாது. ஆனால் உங்கள் சாதன எண் அந்த ஐஎன்எஃப் கோப்பின் பட்டியலில் இருந்தாக வேண்டும். எண் இல்லையென்று அதைத் திருத்தி எழுதச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். திருத்தியதும் டிஜிட்டல் கையொப்பம் உடைந்துவிடும், 64-பிட் விண்டோஸ் ஏற்காது. ஏற்கவைக்க அந்தச் சோதனையையே அணைத்துவைப்பது, பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றிவைப்பது போல.

5. ரீஸ்டார்ட் செய்து, திரை அளவு, பிரைட்னஸ், வெளித் திரை மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வைஃபையைத் திரும்ப ஆன் செய்ய வேண்டும். சில நாள் கழித்து விண்டோஸ் அப்டேட் அதை மாற்றிக் கெடுத்தால், ப்ராப்பர்ட்டீஸில் ரோல் பேக் டிரைவர் பொத்தான் இருக்கிறது.

ஒரே சொடுக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றுக்குப் புதிய எண் என்றால் நல்லது, அவ்வளவுதான் கணக்கு.

இரண்டு சிப் உள்ள லேப்டாப்புகள்

பிராசஸருக்குள் இன்டெல் சிப் ஒன்று, தனியாக என்விடியா அல்லது ஏஎம்டி சிப் ஒன்று என்று இரண்டு இருக்கும் லேப்டாப்புகளில் கூடுதல் கவனம் தேவை. 2010-ல் வந்த என்விடியாவின் ஆப்டிமஸ் முறையில், என்விடியா சிப் பொதுவாகத் திரையோடு நேரடியாக இணைந்திருக்காது. அது வரைந்த படத்தை இன்டெல் சிப்தான் வாங்கித் திரைக்கு அனுப்பும். அதனால் முதலில் இன்டெல் டிரைவர், அப்புறம் என்விடியா. வரிசையை மாற்றினால் தகராறு.

அந்தக் காலத்து ஏஎம்டி, இன்டெல் ஜோடி இன்னும் சிக்கலானது. பல மாடல்களில் இரண்டு சிப்புக்குமான டிரைவர் ஒரே பொட்டலமாகத் தயாரிப்பாளரிடமிருந்து வரும். ஒன்றை மட்டும் தனியாகப் புதுப்பித்தால் இன்னொன்று படுத்துவிடும். இங்கே தயாரிப்பாளர் தந்த பொட்டலத்தைத் தவிர வேறெதையும் தொடாமல் இருப்பதே நல்லது. விளையாட்டு ஆடாதவர் என்றால் தனிச் சிப்பை டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்துவிட்டு இன்டெல்லில் மட்டும் ஓட்டலாம். 

"டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டுவிட்டது"

கொடுத்த வேலைக்குக் கிராபிக்ஸ் சிப் இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பி டிரைவரைப் புதிதாகத் தொடங்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்ப வருவது அப்போதுதான். ஒரே நிமிடத்தில் திரும்பத் திரும்ப இப்படி ஆனால் எண் 116 கொண்ட நீலத்திரை வந்து நின்றுவிடும். கறுத்த திரை திரும்பவே இல்லை என்றால் விண்டோஸ் சாவி, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலை போகாது.

இரண்டு விநாடிக் கெடுவை ரெஜிஸ்ட்ரியில் பத்து விநாடியாக நீட்டச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. மருந்து அது கிடையாது; காய்ச்சல்மானியை ஒளித்துவைப்பது மாதிரி. டிரைவர் சரியானதுதான் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது சூடு. மின்விசிறிக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். அதை எடுத்து, சிப் மேலுள்ள காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டாலே பல லேப்டாப்புகள் அடங்கிவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் சிப்பே போய்க்கொண்டிருக்கலாம். இது புதுக் கதை இல்லை. சில லேப்டாப் சிப்புகள் அளவுக்கு மீறிப் பழுதானதால் 2008 ஜூலையில் என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. 2011-ஆம் வருட 15, 17 அங்குல மேக்புக் ப்ரோக்களின் கிராபிக்ஸ் கோளாறுக்காக ஆப்பிள் 2015-ல் இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது. சூடு காட்டி உயிர்ப்பிப்பதாகச் சொல்லும் கடைகளில் அது பெரும்பாலும் சில வாரத்துக்குத்தான் தாங்கும். கொடுக்கும் காசுக்குக் கட்டுப்படியாகாது.

லினக்ஸில் நிலைமை தலைகீழ்

இன்டெல், பழைய ஏஎம்டி சிப்புகளுக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடும் மெசா என்ற தொகுப்போடும் சேர்ந்தே வருகிறது. நிறுவனம் கைவிட்ட பிறகும் ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். அதே எச்டி 3000, படம் வரையும் கட்டளைகளின் பொதுத் தரமான ஓபன்ஜிஎல்லை விண்டோஸில் 3.1 வரைதான் பேசும்; லினக்ஸில் 3.3 பேசும். 3.3 கேட்கும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் 2.80 விண்டோஸில் திறக்காமல், அதே லேப்டாப்பில் லினக்ஸில் திறப்பதன் காரணம் இதுதான்.

என்விடியாவில் அந்த நிம்மதி இல்லை. நிறுவனத்தின் பழைய டிரைவர்கள் புதுக் கெர்னலோடு ஒத்துப்போகாமல் கழன்றுகொள்ளும். நுவோ என்ற திறந்த டிரைவர் பழைய லேப்டாப் சிப்புகளில் ஓரளவுக்கு ஓட்டும், வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. நிறுவும்போது திரை கறுத்தால் பூட் வரியில் 'நோமோட்செட்' (nomodeset) என்று சேர்க்கச் சொல்வார்கள். உள்ளே நுழைவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். நிரந்தரமாக விட்டுவைத்தால் விண்டோஸின் ஸ்டெப்னி கதைதான் இங்கேயும்: இழுபட்ட படம், வேலை செய்யாத பிரைட்னஸ். பிரைட்னஸ் மட்டும் தகராறு என்றால் அதற்குத் தனியாக ஏசிபிஐ பேக்லைட் (acpi_backlight) என்ற பூட் அமைப்பு இருக்கிறது.

சரியான டிரைவரிலும் தீராதவை

கடைசி டிரைவரை ஒழுங்காக ஏற்றிய பிறகும் யூடியூப் திணறலாம். டிரைவர் மேல் தவறில்லை. எச்டி 3000 போன்ற சிப் எச்.264 போன்ற பழைய வகை வீடியோக்களைத்தான் தானே பிரிக்கும். யூடியூப் இன்று பெரும்பாலும் விபி9, ஏவி1 வகைகளில் அனுப்புகிறது. அவற்றைப் பிரிக்கும் பாரம் முழுவதும் பிராசஸருக்குப் போகிறது. எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சியைப் போட்டு, 720-க்கு மேல் போகாமல் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். குரோம் உலாவி சில பழைய டிரைவர்களை நம்பாமல் கிராபிக்ஸ் முடுக்கத்தைத் தானே அணைத்துவிடுவதும் உண்டு. அதைத் தோண்டி வலிந்து ஆன் செய்தால் துடிப்பும் உறைதலும் வரும், அணைந்தே இருக்கட்டும்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய அன்றே, அந்த டிரைவர் கோப்பை மாடல் பெயரும் பதிப்பு எண்ணும் போட்டு ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்களின் பக்கங்களைத் தயாரிப்பாளர்கள் சொல்லாமல் எடுத்துவிடுவார்கள். அடுத்த முறை ஃபார்மட் அடிக்கும்போது அந்தக் கோப்பு உங்கள் பென்டிரைவில் மட்டும்தான் இருக்கக்கூடும்.